பரங்கிக்காயின் இனிப்புக்கு எதிரே எதை நிறுத்துவது?

கேள்வி: ஐயா, நான் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். டொரான்டோவுக்கு அருகே பிராம்ப்டனில் இருக்கிறோம். அக்டோபர் வந்தால் இங்கே கடை வாசல் முழுவதும் பூசணி வகைகள்தான். அம்மா செய்யும் அரசாணிக்காய்ப் பொரியலும் புளிக்குழம்பும் இன்னும் நாக்கில் நிற்கின்றன. ஹாலோவீனுக்கு விற்கும் பெரிய காயை வாங்கிச் செய்தேன். நார் நாராகக் குழைந்து தண்ணீர் தனியே நின்றது. பட்டர்நட் என்ற பூசணி ரகத்தை வாங்கிக் குக்கரில் இரண்டு விசில் விட்டேன். பாயசம் போல ஆகிவிட்டது. மிளகாய்த்தூளைக் கூட்டினேன், காரம் ஒரு பக்கம், இனிப்பு ஒரு பக்கமாக நின்றது. "சோற்றோடு இனிப்பு வேண்டாம்" என்று மகன் தட்டைத் தள்ளுகிறான். குழைந்துபோனவற்றை எறிய மனமில்லாமல் ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். எந்தக் காயை வாங்குவது, எப்படிச் சமைப்பது? இன்னொன்று: போன வாரம் வாங்கிய சின்னக் காய் ஒன்று லேசாகக் கசந்தது. வெல்லம் போட்டுச் சரிசெய்துவிட்டேன். அது சரிதானே?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை எல்லாம் ருசியைப் பற்றியவை. இது உடம்பைப் பற்றியது. கசந்த காயில் வெல்லம் போட்டது சரியில்லை. இனி ஒருநாளும் அப்படிச் செய்யாதீர்கள்.

பூசணி, சுரை, பீர்க்கு, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். பூச்சிகளிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் தப்பிக்க இந்தச் செடிகள் குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சை உண்டாக்கும். தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் கசக்காத காயாகப் பார்த்து விதை எடுத்து வந்ததால் நாம் உண்ணும் ரகங்களில் அது அடங்கிக் கிடக்கிறது. ஆனாலும் எப்போதாவது ஒரு காயில் திரும்பத் தலைகாட்டும். வேகவைத்தால் அது அழியாது. வெல்லம் நாக்கை ஏமாற்றும், வயிற்றை ஏமாற்றாது. வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். சுரைக்காய் நறுக்கும்போது ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்த்து, கசந்தால் முழுக் காயையும் குப்பையில் போடுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதையே பரங்கிக்காய்க்கும் செய்யுங்கள். நகக்கண் அளவு போதும். ருசி பார்த்துத் துப்பிவிடலாம். அன்று அதைச் சாப்பிட்ட யாருக்காவது வயிறு சரியில்லாமல் போயிருந்தால், காய் கசந்த விவரத்தை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

அக்டோபர் மாதத்தில் மேசை அலங்காரத்துக்கென்று கோடு போட்டதும் மருக்கள் முளைத்ததுமாகச் சின்னச் சின்னக் காய்கள் உங்கள் ஊர்க் கடைகளில் வருமே, அவை சமையலுக்கானவை அல்ல. நீங்கள் வாங்கியது அந்தக் கூட்டத்தில் ஒன்றோ என்று எனக்குச் சந்தேகம். தோட்டத்தில் அவற்றின் பக்கத்தில் வளர்ந்த பூசணியிலிருந்து விதை எடுத்து நட்டாலும் அடுத்த ஆண்டுக் காய் கசக்கக்கூடும்.

இனி ருசிக்கு வருகிறேன். நீங்கள் அரசாணிக்காய் என்கிறீர்கள். உங்கள் கணவர் வீட்டில் பூசணிக்காய் என்பார்கள். மாயவரத்துக்காரனான நான் பரங்கிக்காய் என்று சொல்லி வளர்ந்தவன். முப்பத்தைந்து ஆண்டுகள் கல்யாணச் சமையலில் அந்தப் பெயரையே சொல்லிக் காய் வாங்கியிருக்கிறேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் கைப்பக்குவத்தில் பெரிய குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. காய் மாறிவிட்டது, பழைய முறை மாறவில்லை, அதுதான் நடந்திருக்கிறது. ஹாலோவீன் காய் பெரிதாக, உருண்டையாக, செதுக்குவதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்று வளர்க்கப்படுவது. சதை மெலிது, நார் அதிகம், ருசி குறைவு. அதை எந்தக் கைகாரர் சமைத்தாலும் கூட்டு கூட்டாக வராது. செதுக்கி விளக்கேற்றி வாசலில் வைத்ததை எடுத்துச் சமைப்பது இன்னும் மோசம். அதில் கிருமிகள் குடியேறியிருக்கும்.

பட்டர்நட் உங்களுக்கு உறவுக்காரக் காய். நம் ஊர்ப் பரங்கியில் பெரும்பகுதி எந்த இனமோ அதே மோஸ்காட்டா இனம்தான் அதுவும். 1940களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவாக்கிய ரகம். சாதாரணப் பூசணியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 92 கிராம் தண்ணீர், பட்டர்நட்டில் 86. ஆறு கிராம்தானே என்று தோன்றும். மிச்சமிருக்கும் கெட்டிப் பொருளைப் பாருங்கள்: ஒன்றில் 8, மற்றதில் 14. ஏறக்குறைய இரண்டு பங்கு. அதனால்தான் பட்டர்நட் குழம்பில் கெட்டியாக நிற்கிறது, அதனால்தான் குக்கரில் விட்டால் அல்வாப் பதத்துக்கு மசிகிறது. கரும்பச்சைத் தோலோடு சற்றே தட்டையாக இருக்கும் கபோச்சா இன்னும் மாவுத்தன்மை கொண்டது. வெந்தால் சர்க்கரைவள்ளிக்கிழங்கை நினைவுபடுத்தும். பொரியலுக்கும் வறுவலுக்கும் அதைவிட நல்ல காய் உங்கள் ஊரில் கிடைக்காது. தோலோடு சமைக்கலாம், ஜப்பானியர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அம்மா கைக்கு மிகவும் நெருங்கிய ருசி வேண்டுமென்றால் இந்தியக் கடைகளிலும் கரீபியக் கடைகளிலும் பெரிய காயைத் துண்டு போட்டு விற்கிறார்களா என்று கேளுங்கள். கரீபியர்கள் கலபாசா என்று சொல்லும் அதுவும் நம் இனம்தான். வெட்டிய முகம் ஆழ்ந்த ஆரஞ்சு நிறமாக, ஈரம் கசியாமல் இருக்கிற துண்டாகப் பார்த்து எடுங்கள். ஏகார்ன், ஸ்பகெட்டி ரகங்களை நம் சமையலுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பட்டர்நட்டைத் தோல் சீவும்போது கசியும் பால் சிலருக்குக் கையில் பசைபோல் ஒட்டித் தோலை இறுக்கிவிடும். சேனைக்கிழங்கு நறுக்குகிற மாதிரி கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

குக்கரை இந்தக் காய்க்கு மறந்துவிடுங்கள். என் குருநாதர் பரங்கிக்காய் அடுப்பில் இருக்கும்போது கரண்டியைக்கூடத் தொட விடமாட்டார். "சட்டியைக் குலுக்கு, கிளறாதே" என்பார். அகலமான வாணலி, மூடாத வாய், பெரிய துண்டுகள். தண்ணீர் போக வழி வேண்டும், அவ்வளவுதான். தொடக்கத்திலேயே உப்பைப் போட்டு மூடி வைத்தால் காய் தன் தண்ணீரை எல்லாம் விட்டு அதிலேயே மூழ்கிவிடும்.

இப்போது உங்கள் மகனுடைய புகாருக்கு வருகிறேன். அவன் சொல்வது நியாயம். பரங்கிக்காயின் இனிப்பைக் காரத்தால் அமுக்கப் பார்த்தீர்கள். காரம் இனிப்பை அமுக்காது. இரண்டும் தனித்தனியே கூவிக்கொண்டு நிற்கும். நீங்களே அதைச் சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். இனிப்பை எதிர்கொள்ளப் புளிப்பும் கசப்பும் வேண்டும். பிறகுதான் காரம்.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. இந்தக் காயைச் சமைக்கிற ஒவ்வொரு ஊரும் தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பூரிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்யும் பூசணிக் கறியில் வெந்தயத்தைத் தாளித்து, மாங்காய்ப் பொடியைத் தூவி இறக்குகிறார்கள். வங்காளத்தில் கறுப்புக் கொண்டைக்கடலை சேர்த்துச் செய்யும் குமுடோர் சொக்காவில் ஐந்து விதைத் தாளிப்பு உண்டு. அதிலும் வெந்தயம் இருக்கிறது. கேரளத்து எரிசேரியில் புளிப்பு இல்லை, ஆனால் தேங்காய்த் துருவலைச் சிவக்கச் சிவக்க வறுத்து மேலே கொட்டுகிறார்கள். அந்த வறுபட்ட வாசமும் லேசான கசப்பும் இனிப்பைப் பிடித்து நிறுத்துகின்றன. உங்கள் மாமியார் வீட்டில் தேங்காய்ப்பாலில் செய்யும் பாற்கறியில் வெந்தயம் போடுவார்கள், கடைசியில் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிவார்கள். அந்த வெந்தயத்தை வாசத்துக்கு என்று மட்டும் நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். அது அந்தக் கறியின் முதுகெலும்பு.

எரிசேரியில் வன்பயறு, சொக்காவில் கடலை, எங்கள் பக்கத்தில் பரங்கியோடு காராமணி அல்லது மொச்சை. பயறு வகை ஏன் கூடவே வருகிறது? மாவும் புரதமும் கலந்த அந்தச் சப்பென்ற ருசி ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நாக்குக்கு ஓய்வு கொடுக்கிறது. பரங்கி பிறந்த இடம் அமெரிக்கக் கண்டம். 'பரங்கி' என்ற பெயரே அது பரங்கியர் வழியாக நமக்கு வந்ததைச் சொல்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஒண்டாரியோ மண்ணின் பூர்வகுடிகளான ஹோடெனோஷோனி மக்கள் மக்காச்சோளத்தையும் பயற்றையும் பூசணியையும் ஒரே மண்மேட்டில் சேர்த்து நட்டு மூன்று சகோதரிகள் என்று அழைத்தார்கள். சோளத்தண்டைப் பிடித்துப் பயற்றங்கொடி ஏறும், பயற்றின் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும், பூசணி இலை தரையை மூடி ஈரம் காக்கும். கடல் கடந்து வந்த அந்தக் காய்க்கு இங்கே நம் பாட்டிமார்களும் ஒரு பயற்றையே துணையாகச் சேர்த்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

பட்டர்நட் காராமணிப் புளிக்கூட்டை இந்த வாரமே செய்து பாருங்கள். காராமணி அரை கப்பை இரவே ஊறப்போட்டுத் தனியாக வேகவைத்துக்கொள்ளுங்கள். நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் தோல் கழலக் கூடாது. அரைக் கிலோ பட்டர்நட்டைத் தோல் சீவிப் பெருவிரல் பருமனுக்குத் துண்டு போடுங்கள். எலுமிச்சை அளவு புளியை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். வர மிளகாய் நான்கு, தனியா ஒரு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு இரண்டு தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி எல்லாவற்றையும் சிறிது எண்ணெயில் வறுத்து, கடைசியில் மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலையும் போட்டுச் சிவந்ததும் இறக்கிக் கொரகொரப்பாக அரையுங்கள்.

அகலமான வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கடுகு, இன்னொரு கால் தேக்கரண்டி வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளியுங்கள். வெந்தயம் செம்பழுப்பாக வேண்டும். கறுத்தால் கசப்பு மிஞ்சிவிடும். காயைப் போட்டு நல்ல தீயில் நான்கு நிமிடம் குலுக்குங்கள். ஓரங்கள் லேசாகச் சிவந்ததும் மஞ்சள்தூள் போட்டுப் புளிக்கரைசலை ஊற்றி, அப்போது உப்புப் போடுங்கள். ஆம், காய் வேகும் முன்பே புளி. புளி விட்டால் காய் வேகாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அது உண்மை. காயின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் சீக்கிரம் கரையாது. வாழைக்காய்க்கும் கிழங்குக்கும் தொல்லையாக இருக்கும் அந்தக் குணம்தான் குழைந்துபோகும் பரங்கிக்காய்க்கு நமக்கு வேண்டியது. புளியில் வேகும் துண்டு உள்ளே மெத்தென்று வெந்து, வெளியே முனை மழுங்காமல் நிற்கும். மூடாமல் மிதமான தீயில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். கத்தி முனை சிறு தடையோடு இறங்கும்போது காராமணியையும் அரைத்த விழுதையும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். உடனே பரிமாறாதீர்கள். அரை மணி நேரம் இருந்தால் புளி காய்க்குள் இறங்கிவிடும். வெல்லம் ஒரு துளிகூட வேண்டாம்; அந்த வேலையைக் காயே பார்த்துக்கொள்கிறது.

அம்மாவின் பொரியலுக்குக் கபோச்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஓவன் இருக்குமே, அதைப் பயன்படுத்துங்கள். தோலோடு இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கி, எண்ணெய், மஞ்சள்தூள், உப்புப் பிசிறி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். நெருக்கி அடுக்கினால் ஆவியில் வெந்து ஈரமாகிவிடும். 200 டிகிரி செல்சியஸில், அதாவது ஏறத்தாழ 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில், இருபத்தைந்து நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். வாணலியில் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய வர மிளகாய், கைநிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, அடுப்பை அணைத்துவிட்டுக் காயைச் சேர்த்துக் குலுக்குங்கள். மேலே வறுத்த நிலக்கடலைப் பொடி இரண்டு மேசைக்கரண்டி, இடித்த மிளகு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. மகனுக்கு முதலில் இதைக் கொடுங்கள், புளிக்கூட்டைப் பிறகு கொடுக்கலாம். சோற்றோடு வேண்டாம், சும்மா ஒரு தட்டில் வைத்து, எலுமிச்சையை அவனையே பிழியச் சொல்லுங்கள். என் சமையல் வகுப்புக்கு வரும் தாய்மார்களிடம் நான் எப்போதும் சொல்வது இதுதான்: புளிப்பைத் தானே கூட்டிக் குறைக்க முடிந்த பிள்ளை ஒரு துண்டையாவது வாயில் போட்டுப் பார்க்கும்.

பாற்கறியை உங்கள் மாமியாரிடம் நேரில் நின்று கற்றுக்கொள்வதே நல்லது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: இரண்டாம் பாலில் காய் வேகட்டும், முதற்பாலை அடுப்பைக் குறைத்த பிறகு ஊற்றுங்கள், தேசிக்காய் இறக்கிய பிறகுதான்.

ஃப்ரீசரில் இருக்கும் டப்பாக்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கசந்த காய் எதிலாவது கலந்திருந்தால் அந்த டப்பாவை மட்டும் எறிந்துவிடுங்கள். மற்றவை எல்லாம் அடையாகும். இட்லி அரிசி ஒரு கப், துவரம்பருப்பு அரை கப், கடலைப்பருப்பு அரை கப், வர மிளகாய் ஐந்து மூன்று மணி நேரம் ஊறட்டும். மசியலிலேயே தண்ணீர் இருப்பதால் வழக்கமாக ஊற்றுவதில் பாதித் தண்ணீர் விட்டுக் கொரகொரப்பாக அரைத்து, ஒரு கப் மசியல், நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்புச் சேர்த்துக் கலந்து, கல்லில் கனமாகத் தட்டி, நடுவில் குழி செய்து எண்ணெய் விடுங்கள். இனிப்பு இருந்த இடம் தெரியாது, அடை மட்டும் மெத்தென்று வரும். டின்னில் வரும் பூசணி மசியலிலும் இதைச் செய்யலாம். வாங்கும்போது வெறும் பூசணி என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்வதற்கென்று விற்பதில் சர்க்கரையும் பட்டையும் சேர்ந்திருக்கும்.

அக்டோபர் முடிவதற்குள், விலை இறங்கியிருக்கும்போதே, நாலைந்து பட்டர்நட் கூடுதலாக வாங்கிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். அந்தக் குளிர் முழுக் காய்க்கு ஆகாது. 10 முதல் 13 டிகிரி வரை குளிர்ச்சியாக, ஈரமில்லாமல் இருக்கிற இடம், உங்கள் வீட்டு நிலவறை போன்றது, போதும். வெறும் சிமெண்டுத் தரையில் வைக்காமல் அட்டை விரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். இருக்க இருக்க அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், ஆகவே ஜனவரியில் அதே காய்க்குப் புளி இன்னும் ஒரு சுளை கூடுதலாக வேண்டியிருக்கும். பொங்கலன்று எங்கள் பக்கத்தில் பரங்கியும் மொச்சையும் சேர்ந்த குழம்பு இல்லாமல் இலை போட மாட்டோம். பச்சை மொச்சை உங்கள் ஊர் இந்தியக் கடைகளில் உறைய வைத்த பாக்கெட்டில் கிடைக்கும். காம்பு உடைந்த காயும் தோலில் கீறல் விழுந்த காயும் அதுவரை தாங்காது. அவற்றை முதலில் சமைத்துவிட்டு, காம்போடு இருப்பவற்றைப் பொங்கலுக்கு எடுத்து வையுங்கள்.